சோத்த நிப்பாட்டி 12 நாள், மூண்டரக் கிலோ குறைஞ்சிட்டு: இப்பிடியே தொடரலாமா?

களப்புக்கரை (கல்லடி):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், அனுபவப்பட்ட ஆக்கள் பொறுமையா வாசிச்சு பதில் சொல்லுங்க. எனக்கு வயசு 41, உயரம் 5 அடி 6 அங்குலம், டவுனுக்குள்ள ஒரு ஒபிஸ்ல கதிரையில இருந்து செய்யிற வேலை. தொடங்கக்க நிறை 92 கிலோ, இடுப்பு 42 அங்குலம். சீனி வருத்தம் இன்னும் வரல்ல, ஆனா போன வருசம் வெறும் வயித்துல பார்த்த நேரம் 114 வந்திச்சு, எல்லையில நிக்கிறீங்க நிறையக் குறைங்க எண்டு டொக்டர் சொல்லி அனுப்பினவர். அப்பாக்கும் சீனி இருந்திச்சு, அம்மாக்கும் இரிக்கு, அதால உள்ளுக்க பயம்தான்.

என்னோட வேலை செய்யிற அண்ணன் ஒராள் மூண்டு மாசத்துல 11 கிலோ குறைச்சிட்டார். சோறு, புட்டு, இடியப்பம், பாண், ரொட்டி, சீனி ஒண்டும் தொடுறல்ல. மீன், இறைச்சி, முட்டை, கீரை, தயிர், அவ்வளவுதான். அவரப் பார்த்து நானும் தொடங்கினன். இண்டைக்கு 12 நாள், தராசு 88.6 காட்டுது. நம்பேலாம மூண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தன், பெல்ட்லயும் ஒரு ஓட்டை உள்ளுக்குப் போயிட்டு.

ஆனா லேசா வந்த குறைவு இல்ல இது. மூண்டாம் நாளில இருந்து ஆறாம் நாள் மட்டும் மண்டை இடி, ஒபிஸ் மாடிப்படி ஏறக்க கால் ரெண்டும் பஞ்சு மாதிரி. ராவைல கெண்டைக்கால் பிடிச்சு இழுத்து நித்திரையால எழும்பி இருந்திரிக்கிறன். வயித்தால ஒழுங்காப் போகுதில்ல. வாய் ஒரு மாதிரி மணக்குது எண்டு மனிசி சொல்லுறா. எல்லாத்தையும் விட பகல் சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம், சோத்துப் பானைய இறக்கி மூடியத் திறக்கக்க புதுச் சிவப்பரிசி மணம் வீடு முழுக்கப் பரவும், நான் பொரிச்ச சூரை மீனும் முருங்கையிலைச் சுண்டலும் வச்சிட்டு இரிப்பன், மகளுக்கு 7 வயசு, அப்பாக்கு மட்டும் ஏன் சோறு இல்ல எண்டு கேட்டு தன்ட தட்டுல இருந்து ஒரு உருண்டை பிசைஞ்சு என்ட வாய்க்கு நேர நீட்டுவா. அத வேணாம் எண்டு சொல்லுறதுக்கு எனக்கு மனசு வருகுதில்ல.

இப்ப நான் எழுதுறதுக்குக் காரணம் அம்மா. அவவுக்கு 66 வயசு, காலம கிளிக்ளசைட் குளிசை, ரெண்டு நேரம் மெட்ஃபோர்மின். நான் குறையிறதப் பார்த்து, எனக்குத்தானே மகன் சீனி, நான்தான் முதல்ல சோத்த விடோணும் எண்டு சொல்லி ஒருத்தருக்கும் தெரியாம அவவும் விட்டிட்டா. முந்தநாள் பத்தரை பதினொண்டு போல குசினிக்குள்ள நிண்டவ சுவரப் பிடிச்சிட்டு அப்பிடியே கீழ இருந்திட்டா, உடம்பு முழுக்க வேர்வை, கை நடுங்குது, கேட்டதுக்கு மாறிக் கதைக்கிறா. பக்கத்து வீட்டு அக்கா மெசினக் கொண்டு வந்து விரல்ல குத்திப் பார்த்தா 58. சீனி கரைச்சுக் குடுத்து கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிட்டா. ஆனா எனக்கு இன்னும் நெஞ்சு பதறுது.

என்ட கேள்வி மூண்டு. இந்த மூண்டரக் கிலோவும் உண்மையான குறைவா? இப்பிடியே ஆறு மாசம் ஒரு வருசம் போனா கிட்னி, நெஞ்சுக்கு என்னவும் வருமா? அம்மாவ என்ன செய்யிறது?

—

கிளினிக் மிஸ்ஸி:

தம்பி, மூண்டாவது கேள்விய முதல்ல எடுக்கிறன், மத்தது ரெண்டும் நாளைக்கும் கதைக்கலாம். நான் அம்பாறை மாவட்டத்துல சீனி கிளினிக்ல 18 வருசம் வேலை செய்து பென்சன் எடுத்தவ. உங்கட அம்மாக்கு நடந்தத நான் கண்ணால எத்தினயோ தரம் பார்த்திரிக்கிறன், விரதம் பிடிக்கிற நாளில, நோன்பு காலத்துல, இப்ப கொஞ்ச வருசமா இந்தச் சோறு விடுற டயட்டாலயும்.

கிளிக்ளசைட் எண்டுறது கணையத்த நெரிச்சு இன்சுலின வெளிய எடுக்கிற குளிசை. நீங்க சோறு திண்டீங்களா இல்லையா எண்டு அதுக்குத் தெரியாது. ஒரு தட்டு சோத்துக்கு எண்டு டொக்டர் எழுதின அளவு அது, அந்தச் சோத்த எடுத்திட்டு குளிசைய மட்டும் விழுங்கினா இரத்தத்துல சீனி விழும். கிளிபென்கிளமைட்டும் அப்பிடித்தான், இன்சுலின் ஊசியும் அப்பிடித்தான். மெட்ஃபோர்மின் மட்டும் எடுக்கிற ஆக்களுக்கு இந்தப் பயம் பெரிசா இல்ல. 70க்கு கீழ வந்தாலே குறைவு, 54க்கு கீழ போனா பெரிய ஆபத்து, அம்மா 58ல இருந்திரிக்கிறா. வயசான ஆக்களுக்கு, அதுவும் கிட்னி கொஞ்சம் பழுதா இருந்தா, குளிசை உடம்புல கனநேரம் நிக்கும், சீனி குடுத்துத் தெளிஞ்ச பிறகும் ரெண்டு மணித்தியாலத்தால திரும்ப விழலாம். அதால சீனித் தண்ணி குடுத்த கையோட பாண் துண்டோ சோறோ ஏதாவது சாப்பிடக் குடுக்கோணும்.

இனி வந்தா எப்பிடி எண்டும் சொல்லுறன், வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. மூண்டு தேக்கரண்டி சீனிய தண்ணியில கரைச்சுக் குடுங்க, 15 நிமிசத்தால திரும்பக் குத்திப் பாருங்க, ஏறல்லை எண்டா இன்னொருக்கா குடுங்க. மயங்கிட்டா எண்டா வாய்க்குள்ள ஒண்டும் ஊத்தக் கூடாது, புரையேறிடும், பக்கவாட்டுல படுக்க வச்சிட்டு 1990க்கு எடுங்க, காசில்லாம அம்புலன்ஸ் வரும்.

கிளினிக் திகதி வரட்டும் எண்டு இருக்காதீங்க. கொப்பிய எடுத்திட்டு நாளைக்கே கூட்டிட்டுப் போங்க, சோத்தக் குறைச்சது, 58 வந்தது ரெண்டையும் மறைக்காமச் சொல்லுங்க. டொக்டர் ஏசுவார் எண்டு பயந்து நிறைய ஆக்கள் சொல்லுறல்ல, அதுதான் பெரிய பிழை. அதுவரைக்கும் அம்மா வழமையாச் சாப்பிடுற மாதிரியே சாப்பிடட்டும். குளிசைய நீங்களா நிப்பாட்டவும் வேணாம், பாதியா உடைக்கவும் வேணாம். சோறு, மா, சீனியில இரிக்கிற மாச்சத்தக் குறைக்கிறது சீனிக்காரருக்கு நல்லதுதான், நான் அதுக்கு எதிர் இல்ல, ஆனா குளிசையோட அளவும் சேர்ந்து குறையோணும், அதக் கொப்பியில டொக்டர்தான் எழுதோணும்.

வாசிக்கிற மத்த ஆக்களுக்கும் ஒண்டு. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் எண்டு சலத்தால சீனிய வெளியேத்துற குளிசை இப்ப நிறையப் பேருக்குக் குடுக்கிறாங்க. அத எடுத்துக்கொண்டு சோத்த முழுசா நிப்பாட்டினா இரத்தம் அமிலமாகிற நிலைமை வரலாம், மெசின்ல சீனி பெரிசா ஏறியும் இராது, சத்தி, வயித்துக் குத்து, மூச்சு வாங்குறது எண்டு வரும், அப்பிடி வந்தா உடனே ஆஸ்பத்திரி. பிரஷர் குளிசை எடுக்கிற ஆக்களுக்கு எழும்பக்க தலை சுத்தினா அதுவும் அளவு கூடிப் போனதுக்கு அடையாளமா இருக்கலாம். வயித்துல புள்ள உள்ள தாய்மார், பால் குடுக்கிற தாய்மார், ஊசியிலயே வாழுற சின்ன வயசுச் சீனிக்காரர், கிட்னி வருத்தக்காரர், இவங்க ஒருத்தரும் வீடியோ பார்த்துத் தொடங்கக் கூடாது.

—

திருக்கோவில் தம்பி:

அண்ணன், மிஸ்ஸி சொன்னதுக்கு மேல அம்மா விசயத்துல நான் ஒண்டும் சொல்லல்ல. நான் உங்கட முதலாவது கேள்விக்கு வாறன், ஏனெண்டா நான் இதே பாதையால 7 மாசம் போய் 13 கிலோ குறைச்சு, பிறகு 9 கிலோ திரும்ப ஏத்தின ஆள்.

மூண்டரக் கிலோவும் கொழுப்பில்ல அண்ணன். நாங்க திங்கிற சோத்துல ஒரு பங்க உடம்பு ஈரலிலயும் தசையிலயும் ஒரு நாலைஞ்சு நூறு கிராம் அளவுக்குச் சேமிச்சு வைக்கும், ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூண்டு கிராம் தண்ணியப் பிடிச்சு வச்சிரிக்கும். சோத்த நிப்பாட்டினதும் முதல் கிழமையில அந்தச் சேமிப்புக் கரையும், தண்ணியும் சலத்தோட போயிடும். இன்சுலின் இறங்கக்க கிட்னி உப்பையும் சேர்த்து வெளிய விடும், உங்கட தலையிடி, கால் இழுப்பு எல்லாம் பெரும்பாலும் அதுதான். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு எரியிறதுக்கு கிட்டத்தட்ட 7700 கலோரி, 3.4 கிலோவுக்கு 26000, அத 12 நாளால பிரிச்சா ஒரு நாளைக்கு 2000க்கு மேல குறைவாத் திண்டிரிக்கோணும், நீங்க பட்டினி கிடந்தாலும் கதிரையில இரிக்கிற வேலைக்கு அது கஷ்டம். என்ட மனசுக்கு ஒரு கிலோ, ஒண்டேகால் கிலோ கொழுப்புக் குறைஞ்சிரிக்கும். அதுவும் 12 நாளுக்கு நல்ல குறைவு, மனம் விடாதீங்க. ஆனா ஒரு நாள் கலியாண வீட்டுல சோறு திண்டு அடுத்த நாள் ஒண்டரக் கிலோ ஏறிட்டு எண்டு கண்டா, எல்லாம் நாசமாப் போச்சு எண்டு விட்டிடாதீங்க, அது திரும்பி வாற தண்ணி. நான் விட்ட இடம் அதுதான்.

எப்பிடி விட்டன் எண்டும் சொல்லுறன். கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போனன், உகந்தையில இருந்து காட்டுப் பாதையால. வழியில எங்க நிண்டாலும் அன்னதானம், சோறும் பருப்பும் பூசணிக்காக் கறியும், அந்த நடைக்கு அத மறுக்க உடம்பும் விடல்ல, மனசும் விடல்ல. வந்து தராசில ஏறினன், ரெண்டு கிலோ கூட. இவ்வளவு நடந்தும் கூடிட்டே எண்டு அண்டைக்கே விட்டன். விட்ட பிறகு முந்தித் திண்டத விடக் கூடத் திண்டன், ஏழு மாசத்துப் பசி எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி. வீட்டுல எனக்குத் தனிச் சமையல் எண்டு அம்மாவும் களைச்சுப் போயிருந்தவ. எல்லாருக்கும் ஒரு பானை, எனக்கு மட்டும் ஒரு சட்டி எண்டு எத்தினை நாளைக்கு ஒரு வீடு ஓடும்? அண்ணன்ட மகள் உருண்டை பிசைஞ்சு நீட்டுறதப் பத்தி எழுதினீங்களே, அத வாசிச்ச நேரம் எனக்கு எங்கட அம்மாட முகம்தான் வந்திச்சு.

கால் இழுப்புக்கு: தண்ணி மட்டும் குடிச்சாக் காணாது, மீன் சொதி, இளநி, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணிக்குப் பதிலா உப்புப் போட்ட மோர் எடுங்க. பிரஷர் இருந்தா மட்டும் உப்பக் கூட்ட முன்னம் டொக்டரக் கேளுங்க.

—

வரம்புக்காரன்:

நான் படிச்ச ஆள் இல்ல, அக்கரைப்பற்றுப் பக்கம் வேளாண்மை செய்யிறன். போன பெரும்போகம் வெட்டுக்கு முன்னம் ஒரு மாசம் சோறில்லாம இருந்து பார்த்தன், 4 கிலோ குறைஞ்சிச்சு உண்மை. வட்டைக்குள்ள பத்து மணி வெயிலுக்க வரம்பு கட்டக்க கண் இருட்டி விழுந்திட்டன், கையில மம்பெட்டி, தலையில படாதது கடவுள் செயல். கூட நிண்ட பொடியன் தூக்கி நிழல்ல விட்டான். வெயில்ல நிண்டு வேர்வை சிந்துற ஆக்கள் முதல் ரெண்டு மூண்டு கிழமை இதச் செய்யக்க கவனம். ஒபிஸ்காரருக்குச் சரிவாறது எங்களுக்குச் சரிவரணும் எண்டு இல்ல. நான் இப்ப காலமயும் பகலும் சோறு திங்கிறன், ராவைக்கு மட்டும் மீனும் கீரையும். மெதுவாத்தான் குறையிது, ஆனா விழல்ல.

—

சம்மாந்துறை ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஒங்கட உம்மாட கதைய வாசிச்சு மனசு பதறிட்டு, அல்லாஹ் காப்பாத்தினான். மிஸ்ஸி சொன்ன மாதிரி நாளைக்கே போங்க.

நான் ஸ்கூல்ல விஞ்ஞானம் படிப்பிக்கிற. எனக்கும் எல்லைச் சீனி, மூண்டு மாதச் சராசரி பார்க்கிற டெஸ்ட்ல 6.3 வந்திச்சு, நிறை 79. நான் முதல்ல செய்த வேலை என்னண்டா ஒரு கிழமை ஒண்டையும் மாத்தாம, திங்கிற எல்லாத்தையும் அளந்து எழுதினன். வேவிச்ச சோறு 100 கிராமில கிட்டத்தட்ட 28 கிராம் மாச்சத்து. பகலைக்கு நான் தட்டுல போடுற சோத்த தராசில வச்சா 380 கிராம், அப்ப ஒரு நேரத்துக்கே 100 கிராமுக்கு மேல. காலம இடியப்பம், ராவைக்குப் புட்டு. அதுக்கு மேல தேத்தண்ணி, நாளைக்கு அஞ்சு தரம், ஒவ்வொண்டுக்கும் மூண்டு கரண்டி சீனி, பதினஞ்சு கரண்டி, 60 கிராமுக்குக் குறையாது. அதக் கொப்பியில கண்ட நேரம்தான் எனக்கு விளங்கிச்சு, நான் சோத்தோட சண்டை பிடிக்க முன்னம் பிடிக்க வேண்டிய சண்டை வேற இரிக்கி எண்டு.

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழ எடுத்தா குறைஞ்ச மாச்சத்து, 50க்குக் கீழ போனா அதக் கீட்டோ எண்டு சொல்லுற. தம்பி செய்யிற கீட்டோ. நான் 130ஐச் சுத்தி நிண்டன். தேத்தண்ணிக்குச் சீனிய ஒரு மாதத்துல படிப்படியா இல்லாமலாக்கினன். சோறு பகலைக்கு மட்டும், தேத்தண்ணிக் கோப்பையால அளந்து ஒரு கோப்பை, கோபுரம் கட்டாம. அந்த இடத்துக்குப் பயத்தங்கா, வெண்டிக்கா, பாவக்கா, கோவாச் சுண்டல், பாலாணத்துக்குப் பதிலா புளியாணம். காலம அவிச்ச பயறு அல்லது கௌபி, தேங்காப்பூ கொஞ்சம், ஒரு முட்டை. பயறு கௌபியிலயும் மாச்சத்து இரிக்கிதான், ஆனா நாரும் புரதமும் சேர்ந்து வாறதால பசி பதினொரு மணிக்குக் கூப்பிடுறல்ல, மலச்சிக்கலும் வரல்ல. சிவப்பரிசி திண்டா சீனி ஏறாது எண்டு எங்கட ஊர்ல சொல்லுறாங்க, அது பிழை, மாச்சத்து அளவு கிட்டத்தட்ட ஒண்டுதான், தவிடும் நாரும்தான் கூட. அதுக்காகச் சிவப்பரிசி திங்கலாம், கூடத் திங்கேலா. 14 மாதத்துல 79ல இருந்து 70, டெஸ்ட் 5.7. சொந்தக்காரர் கலியாணத்துல புரியாணியும் திண்டிரிக்கிறன், அடுத்த நாள் திரும்பக் கோப்பைதான்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது எண்டும் தேடி வாசிச்சன். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 609 பேர ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கத்துக்குக் கொழுப்பக் குறைக்கச் சொல்லி, மத்தப் பக்கத்துக்கு மாச்சத்தக் குறைக்கச் சொல்லி 12 மாதம் பார்த்தாங்க, 2018ல முடிவு வந்த. கொழுப்புக் குறைச்ச ஆக்கள் சராசரி 5.3 கிலோ, மாச்சத்துக் குறைச்ச ஆக்கள் 6 கிலோ, பெரிய வித்தியாசம் எண்டு சொல்லேலா. ஆனா ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாச் சொன்ன ஒரு விசயம், சீனியையும் தீட்டின மாவையும் விடு, மரக்கறி கூடத் தின்னு எண்டு. ஒரே டயட்டுல சிலர் 25 கிலோவுக்கு மேல குறைச்சிரிக்காங்க, சிலர் கூடியிரிக்காங்க. 2022ல மருத்துவ ஆராய்ச்சிகளச் சேர்த்துப் பார்க்கிற கொக்ரேன் எண்ட அமைப்பு ஆக்கள் 61 ஆராய்ச்சிய ஒண்டாச் சேர்த்துப் பார்த்தும் ரெண்டு வருசம் வரைக்கும் சமச்சீரான சாப்பாட்டுக்கும் இதுக்கும் நிறை குறையிறதில வித்தியாசம் மிச்சம் சின்னன் எண்டுதான் வந்திரிக்கி. வேற ஆராய்ச்சியில சீனிக்காரருக்கு ஆறு மாதத்துல நல்ல முன்னேற்றம் தெரியிது, ஒரு வருசத்துல அந்த வித்தியாசம் மங்குது, ஏனெண்டா ஆக்களால தொடந்து பிடிக்க ஏலாமப் போற. ஒங்கட மகள் நீட்டுற உருண்டைய வாங்கித் திண்டுக்கிட்டே நிறை குறைக்கேலும் தம்பி, நான் சொல்ல வாறது அதுதான்.

—

வாழைச்சேனை கடற்கரை:

ராத்தா சொல்லுறதுல எனக்கு ஒரு இடத்துல உடன்பாடில்ல. ஒரு கோப்பை எண்டு நிப்பாட்டத் தெரிஞ்ச ஆக்களுக்கு அது சரி. எனக்கு ஒரு கோப்பை சோறு திண்டா ரெண்டாவது கோப்பை கேக்கும், அது என்ட குணம், 30 வருசமாப் பழகின குணம். முழுசா விட்ட பிறகுதான் எனக்குள்ள இருந்த அந்தச் சத்தம் நிண்டிச்சு. ரெண்டு வருசம் முடிஞ்சிட்டு, 104ல தொடங்கி இப்ப 86. பசி எண்டா என்ன எண்டு நான் இப்பத்தான் விளங்கிக்கொண்டன், முந்தி பசியெண்டு நினைச்சதெல்லாம் சீனி ஏறி இறங்கின களைப்பு. புரதம் ஒழுங்கா இருந்தா, ஒவ்வொரு நேரமும் உள்ளங்கை அளவு மீன் இருந்தா, வயிறு அடங்குது. எங்கட பக்கம் கடல் மீனுக்குப் பஞ்சமில்லாததால எனக்குச் செலவும் பெரிசா வரல்ல, ஆனா கடலுக்குத் தூரமா இரிக்கிற ஆக்களுக்கு அது வேற கதை, அத ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா களப்புக்கரை அண்ணன் கேட்ட நெஞ்சு விசயத்துல நான் ஒரு பிழை விட்டன், அத மறைக்கக் கூடாது. முதல் எட்டு மாசம் கொழுப்பு எவ்வளவும் திங்கலாம் எண்டு வீடியோவுல சொன்னத நம்பி தேங்காப்பால் கட்டியா, மாட்டிறைச்சி கொழுப்போட, பட்டர், முட்டை நாலு அஞ்சு எண்டு போனன். டெஸ்ட் எடுத்துப் பார்த்தா ட்ரைகிளிசரைட் எண்ட இரத்தக் கொழுப்பு 310ல இருந்து 140க்கு இறங்கியிருந்திச்சு, நல்ல கொலஸ்ட்ரோலும் கூடியிருந்திச்சு, சந்தோசம். ஆனா கெட்ட கொலஸ்ட்ரோல் 128ல இருந்தது 196! டொக்டர் அந்தப் பேப்பர மேசையில வச்சு விரலால தட்டிக் காட்டி, இது நெஞ்சுக்கு வாற பாதை எண்டு சொன்னவர். பிறகு தேங்காப்பாலக் குறைச்சன், மாட்டுக்கொழுப்ப விட்டன், கச்சான், கஜு, கீரி மீன், சாளை மீன், அவிச்ச கடலை கொஞ்சம் எண்டு மாத்தினன், நாலு மாசத்துல 141க்கு வந்திச்சு.

2018ல லான்செட் எண்ட மருத்துவ வெளியீட்டு ஆக்கள்ட ஒரு சஞ்சிகையில வந்த பெரிய கணிப்பொண்டு இரிக்கு, அமெரிக்காவுல 15000க்கு மேல ஆக்கள கிட்டத்தட்ட 25 வருசம் பார்த்தது. மாச்சத்து மிச்சம் கூடினாலும் மிச்சம் குறைஞ்சாலும் சாவு கூட, நடுவுல, மொத்தக் கலோரியில 50 முதல் 55 சதவீதம் மாச்சத்தால வாற இடத்துல குறைவு. மாச்சத்தக் குறைச்ச இடத்துக்கு இறைச்சியும் மிருகக் கொழுப்பும் வச்ச ஆக்களுக்குச் சாவு கூட, கச்சான், பருப்பு மாதிரியான தாவரச் சாப்பாடு வச்ச ஆக்களுக்குக் குறைவு. அது ஆக்கள் சொன்னத எழுதிப் பார்த்த கணிப்பு, இதாலதான் இது வந்திச்சு எண்டு அடிச்சுச் சொல்லேலாது, ஆனா என்ட சொந்தப் பேப்பரே எனக்கு அதத்தான் சொல்லிச்சு. சோறு போன இடத்துக்கு என்ன வருகுது எண்டுதான் பார்க்கோணும் அண்ணன். தொடரப் போறீங்க எண்டா மூண்டு மாசத்துக்கொருக்கா கொலஸ்ட்ரோல், கிட்னி எப்பிடி வேலை செய்யிது எண்டு காட்டுற கிரியேட்டினின் ரெண்டும் பாருங்க. கிட்னி நல்லா இரிக்கிற ஆளுக்கு மீன் முட்டை இந்த அளவுல பெரிய கெடுதி செய்யிறதா நான் வாசிச்ச இடத்துல ஒண்டும் இல்ல, ஆனா ஏற்கனவே பழுதா எண்டு பார்க்காமத் தொடங்கக் கூடாது.

—

களப்புக்கரை (கல்லடி):

எல்லாருக்கும் நன்றி, மனசார. நேத்து லீவு போட்டிட்டு அம்மாவக் கூட்டிட்டுப் போனன். பஸ்ஸுல போகக்க அம்மா என்ட கையப் பிடிச்சிட்டு, டொக்டர்ட்ட விழுந்த கதையச் சொல்லிடாத மகன், இன்னொரு குளிசை கூட எழுதிடுவார் எண்டு கெஞ்சினா. நான் எல்லாத்தையும் சொன்னன். அவர் ஏசவே இல்ல, கொப்பியப் பார்த்து, இரத்தம் எடுக்கச் சொல்லி, கிளிக்ளசைட்ட பாதியாக் குறைச்சு எழுதினவர். மூண்டு நேரமும் சோறோ புட்டோ கொஞ்சமாவது இரிக்கோணும், ஒரு நேரமும் விடக் கூடாது எண்டு அம்மாட முகத்தப் பார்த்துச் சொன்னவர். கிரியேட்டினின் கொஞ்சம் கூட இரிக்கு எண்டும் வந்திட்டு, பயப்பட ஒண்டுமில்ல, ஆனா அதாலயும்தான் குளிசை கனநேரம் நிண்டிரிக்கும் எண்டு விளங்கப்படுத்தினவர். மிஸ்ஸி எழுதினது அப்பிடியே.

எனக்கும் பேப்பர் தந்தவர், வாற கிழமை எடுக்கப் போறன். வாழைச்சேனை அண்ணன், உங்கட சொல்லையும் எடுத்துக்கொண்டன், கட்டித் தேங்காப்பாலும் முட்டை நாலும் நானும் திண்டு கொண்டுதான் இருந்தன், இண்டையில இருந்து குறைக்கிறன். ஆனா முழுசா விடுறது எங்கட வீட்டுக்குச் சரிவராது எண்டு முடிவெடுத்திட்டன். ரெண்டு பேரும் ஒரே மேசையில இரிக்கிறம், நான் விட்டா அம்மாவும் விடுவா, எத்தினை தரம் சொன்னாலும் கேக்க மாட்டா.

இண்டைக்குப் பகல் ராத்தா சொன்ன மாதிரி தேத்தண்ணிக் கோப்பைய எடுத்து அளந்தன். முந்தி எங்க வீட்டுல ஆறு பேருக்கு மூண்டு சுண்டு அரிசி போடுற, மனிசி இண்டைக்கு ரெண்டுதான் போட்டவ. எனக்கு ஒரு கோப்பை, அம்மாக்கு ஒரு கோப்பை, மிச்சத் தட்டெல்லாம் பயத்தங்காக் கறியும் மீன் சொதியும் வல்லாரைச் சம்பலும். 13 நாளைக்குப் பிறகு சோறு. மகள் உருண்டை நீட்டினவ, வாங்கினன், அத என்ட கோப்பைக்குள்ள கணக்கு வச்சன். அம்மா தன்ட கோப்பைய வழிச்சுச் சாப்பிட்டிட்டு ரெண்டு மணித்தியாலத்தால குத்திப் பார்த்தா, 148.

மிஸ்ஸி, ஒரு கேள்வி மட்டும் மிச்சம். மெசின் வாங்கிட்டம். எந்தெந்த நேரம் குத்திப் பார்க்கிறது? ஒவ்வொரு நாளும் எண்டா விரல் நோகுது எண்டு சொல்லுறா, ஸ்ட்ரிப்பும் விலை.

—

கிளினிக் மிஸ்ஸி:

நல்ல காரியம் செய்தீங்க தம்பி. குளிசை மாத்தின முதல் ரெண்டு கிழமை மட்டும் கொஞ்சம் கூடப் பாருங்க. ஒரு நாள் வெறும் வயித்துல, அடுத்த நாள் பதினொரு மணிக்கு, அதுக்கடுத்த நாள் பகல் சாப்பாட்டுக்கு ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, இப்பிடி மாத்தி மாத்தி நாளைக்கு ஒருக்கா. பதினொரு மணிய விடாதீங்க, அவ விழுந்த நேரம் அது. வேர்வை, நடுக்கம், மாறிக் கதைக்கிறது எண்டு கண்டா கணக்குப் பார்க்காம உடனே குத்துங்க. விரல் நுனியில குத்தாம பக்கத்தால குத்தினா நோ குறையும், ஒரே விரல்ல திரும்பத் திரும்பக் குத்தாதீங்க. கை கழுவித் துடைச்சிட்டுக் குத்தச் சொல்லுங்க, விரல்ல மாம்பழச் சாறு ஒட்டியிருந்தாலும் மெசின் கூடக் காட்டும். திகதி, நேரம், என்ன சாப்பிட்டா எண்டு ஒரு பழைய கொப்பியில எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்க. குசினியில அவட கைக்கு எட்டுற தட்டுல ஒரு சின்னப் போத்தல்ல சீனி எப்பயும் இரிக்கட்டும், மேல் தட்டுல வேணாம்.